நூற்றுக்கு முப்பத்துநான்கு

பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுப்பேன், அதற்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று நேசராசா நேற்றே சொல்லிவிட்டான். இப்போது ஒன்பதரை. துணி தேய்க்கிற உருளை சூடாகிவிட்டது, முதல் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உள்ளே கொடுக்கிறேன், அது அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வருகிறது, ஆவி முகத்தில் அடிக்கிறது. சுவிஸில், பேர்ண் நகரத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம் தள்ளி இருக்கும் இந்த முதியோர் இல்லத்தின் நிலவறையில் பதினாறு வருடமாக நிற்கிறேன், வெளியே மழையா வெயிலா என்பதை மேலிருந்து வரும் உடுப்பின் ஈரத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, நடுவில் நிற்க இடமில்லை அக்கா என்றான் நேசராசா. அவனுக்கு அது சுலபம். அவனுக்கு இரண்டிலும் தரகுக் கழிவு உண்டு. இலங்கை அரசாங்கத்தின் கடன் பத்திரத்தில் எனக்கு நாற்பதாயிரம் பிராங் பங்கு இருக்கிறது, அந்த அரசாங்கமோ இந்த வருடச் சித்திரையில் வெளிநாட்டுக் கடன் எதையும் இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று கையை விரித்துவிட்டது. இன்றைக்கு மட்டும், இன்று பதினொரு மணி வரைக்கும், அந்தப் பங்கை நூற்றுக்கு முப்பத்துநான்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதாம். பதின்மூவாயிரத்து அறுநூறு. ஊரில் சிறுநீரகம் பழுதாகிக் கிடக்கிற என் தங்கச்சி வதனியைச் சென்னைக்கு அனுப்பி ஒரு வருடம் இரத்தம் சுத்திகரிக்க அது காணும், நான் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டேன். விற்காமல் பொறுத்திருந்தால் மூன்று வருடத்தில் முக்கால்வாசி திரும்பி வரலாம் என்றும் அதே வாயால்தான் நேசராசா சொல்கிறான். மூன்று வருடம். வதனிக்கு முந்தி வாரத்தில் மூன்று நாள் மெசினில் போட்டார்கள், பிறகு இரண்டு நாள், இந்த மாதம் ஒரு நாள். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அடுத்ததாக என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறபோது விரிப்பு கோணலாகப் போய்விட்டது, உருளையை நிறுத்தி இழுத்தெடுக்க வேண்டியதாயிற்று, விரலில் சுட்டுவிட்டது.

விரல். அந்தக் காசே விரல் காசுதான். இவர், என் புருஷன், தளபாடத் தொழிற்சாலையில் பலகை அறுக்கிற வாளில் வலது கையைக் கொடுத்து மூன்று விரலை இழந்தபோது காப்புறுதிக்காரர் தந்தது நாற்பதாயிரம். எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்கும் விளங்கவில்லை இன்றைக்கும் விளங்கவில்லை, பெருவிரலுக்கு இவ்வளவு, நடுவிரலுக்கு இவ்வளவு என்று ஒரு கடுதாசியில் நிரை நிரையாகப் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் கடுதாசியையும் மகள்தான் வாசித்துச் சொல்வாள், நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றுதான் சொல்லவேண்டும், அதன் கூரையில் குண்டு விழுந்தது, பிறகு அது அகதி முகாம் ஆனது, நாங்கள் படித்த வகுப்பிலேயே நாங்கள் படுத்தோம். காசு வந்த நாள் வங்கியில் இவரால் கையெழுத்து வைக்க முடியவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இவளின்ரை பேரிலேயே போடுங்கோ என்று தமிழில் சொன்னார், நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதைத் திருப்பிச் சொன்னேன், வங்கிப் பெண் இவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தாள். அப்படித்தான் என் பேருக்கு வந்தது. வங்கியில் வட்டி ஒன்றும் இல்லை, வைத்திருக்க அவர்களுக்கு நாங்கள்தான் காசு கட்டவேண்டிய காலம் அது. நேசராசா காப்புறுதி எழுத வீட்டுக்கு வருகிறவன், எங்கள் கோயில் திருவிழாவில் வரவேற்புக் குழுவில் நிற்கிறவன், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னான், அக்கா, இலங்கை ஏழரை வீதம் தருகுது, ஒரு பத்திரம் பெரிய காசு, பத்துப் பதினைந்து பேரின்ரையைச் சேர்த்து என்ரை காப்புறுதிக் கந்தோர் பேரில வாங்கிப் பங்கு எழுதித் தருவன். எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கைக்கோ, நான் கடன் குடுக்கிறதோ? ஏன் அக்கா, வெள்ளைக்காரன் குடுக்கிறான், சீனாக்காரன் குடுக்கிறான், நீங்கள் குடுத்தால் சுடுமோ? தராமல் விட்டால்? அரசாங்கம் தராமல் விடுறதோ, அக்கா உங்களுக்கு விசர், ஆள் ஓடலாம், நாடு எங்க ஓடுறது?

நாடு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று இல்லை என்று சொன்னது. ஆனால் அது பிறகு. இவருக்குச் சொல்லாமல் காசைக் கொடுத்தேன், முதல் மூன்று வருடமும் சொன்ன நாளுக்கு வட்டி வந்தது, சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் இந்த உருளைக்கு முன்னால் நிற்கிறபோது எனக்குள் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டைக் கொளுத்தினவன் எனக்கு வட்டி கட்டுகிறான். என்னைப் பள்ளிக்கூடத்தால் எழுப்பினவன் வருடத்துக்கு இரண்டு தரம் என் கதவைத் தட்டி, இந்தாருங்கோ குணேஸ்வரி அம்மா என்று கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் காசை நான் தொடுவதில்லை. அப்படியே வதனிக்கு அனுப்புவேன். ஆஸ்பத்திரியில் மெசினுக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் இரத்தம் ஊற வைக்கிற ஊசி வெளியில் வாங்கவேண்டும், ஓட்டோவுக்குக் கொடுக்கவேண்டும், சாப்பாடு வேறு. என்னக்கா இவ்வளவு அனுப்புறாய், அத்தான் ஏசமாட்டாரோ என்று கேட்பாள். அத்தானின்ரை காசில்லையடி, இது வேற ஒருத்தன்ரை காசு, தர வேண்டிய கடன் என்பேன். ஆரக்கா அவன், நல்லவன் போலக் கிடக்கு என்பாள். இவர் ஒவ்வொரு வருடமும் ஜெனீவாவுக்கு ஊர்வலம் போகிறவர், விரலில்லாத கையாலேயே பதாகையை உயர்த்திப் பிடிப்பார், அந்தப் படம் ஒரு பத்திரிகையில்கூட வந்தது, இந்த அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கொடாதே என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம், மகள் வாசித்துச் சொன்னாள். நான் அந்தப் பக்கத்தை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அதற்குப் பிறகு சாமிப் படத்தை நேராகப் பார்ப்பதில்லை, விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி, சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி, அறிவித்தார்கள். மருந்துக்கும் எண்ணெய்க்கும் டொலர் வேண்டும், ஆகவே வெளிநாட்டுக் கடனை நிறுத்துகிறோம். நான் அன்றைக்கே கோயிலுக்குப் போனேன், முருகா, எனக்கு மட்டும் இந்தத் தவணையைத் தரச் சொல்லு என்று வேண்டினேன். அர்ச்சனைத் துண்டுக்குப் பன்னிரண்டு பிராங். யாரின் பேருக்கு என்று ஐயர் கேட்டார், வதனியின் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். திரும்பி வருகிற பேருந்தில்தான் அது எனக்கு உறைத்தது. நான் என்ன கேட்டேன்? மருந்துக்கென்று ஒதுக்கின டொலரை மருந்துக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடு என்று கேட்டேன். வதனியின் பேரில் கேட்டேன். இல்லை, எனக்குத் தந்தால் நான் வதனிக்குத்தானே அனுப்பப் போகிறேன். ஆனால் எனக்குத் தராவிட்டால் அவர்கள் மருந்தை வாங்கி அவளுக்கு நேரே கொடுத்திருப்பார்கள். கொடுத்திருப்பார்களா? கொடுக்கவில்லையே. எனக்கும் தரவில்லை, மருந்தும் வரவில்லை, அப்போது அந்த டொலர் எங்கே போனது? அப்படியென்றால் நான் கேட்டதில் பிழையில்லை. ஆனால் என்னைப்போலப் பத்தாயிரம் பேர் பத்தாயிரம் கோயிலில் கேட்டிருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் எனக்கு மண்டை சுற்றும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன், எனக்குத் தந்தால் அவளுக்கு, எனக்குத் தராவிட்டால் அவளுக்கு. இரண்டு மாதமாக இதுதான் வேலை. சட்டைகளை எண்ணுகிறபோதும் இது ஓடும், ஒரு நாள் ஓர் ஐயாவின் காற்சட்டையை அடுத்த அறைக்காரியின் அலுமாரியில் வைத்துவிட்டேன், பொறுப்பாளர் ஹூபர் என்னைக் கூப்பிட்டு, குணா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். வீட்டில் பிரச்சினை இல்லை. நாட்டில்தான்.

பிறகு அந்த மண். அதை நினைக்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனால் ஆவி அடிக்கிறபோதெல்லாம் வருகிறது. வைகாசியில் ஒரு நாள் வதனி ஆஸ்பத்திரி முற்றத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் சோமாவதி. சோமாவதி அவளுடைய பக்கத்துக் கட்டில், பதவியாப் பக்கம் வயல் செய்கிற சிங்களத்தி, அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருந்து வீட்டுக்கு வீடு சிறுநீரகம் போய்விட்டது, புருஷன் முதலே செத்துவிட்டான். ஒரே மெசினில் வதனி இறங்க அவள் ஏறுவாள். வதனிக்கு அரைகுறைச் சிங்களம், அவளுக்கு அரைகுறைத் தமிழ், இருவரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிடுவார்கள், இவள் புட்டு, அவள் தேங்காய் இடித்த பொல் சம்பல். அன்றைக்கு இருவரையும் மெசினில் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏனடி என்று கேட்டேன். மெசினுக்கு வடிகட்டி வரேல்லையாம், இந்த நாட்டுக்குக் கடன் குடுத்தவங்கள் கழுத்தில கையை வச்சுக்கொண்டு நிக்கிறாங்களாம், அதால ஒருத்தனும் சாமான் அனுப்பப் பயப்படுறானாம், டொக்டர் சொன்னவர். ஆரக்கா உவங்கள், கடன் குடுத்தவங்கள்? எனக்கென்னடி தெரியும் என்றேன். ஏன், நீ வெளிநாட்டில தானே இருக்கிறாய், உங்கால பக்கத்து ஆக்கள்தானாம். நான் வாயைத் திறக்கமுதல் அவள் குனிந்தாள். வீங்கின காலோடு குனிந்து, வேப்ப மரத்தடி மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். வதனி, வேண்டாமடி என்று கத்தினேன். கடன் குடுத்தவன்ரை குடி மண்ணாய்ப் போக, அவன்ரை கை விளங்காமல் போக என்று சொல்லி மண்ணைத் தூக்கிக் கொட்டினாள், சோமாவதியும் அள்ளினாள், அவள் தன் மொழியில் இடி விழ என்றோ என்னவோ சொன்னாள், இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஏனக்கா உனக்கு முகம் செத்துப்போச்சு, உன்னையோ திட்டினனாங்கள் என்றாள் வதனி. மண் அள்ளிக் கொட்டித் திட்டினால் பலிக்கும். எங்கள் ஊரில் ஆடு களவெடுத்தவன் ஒருவன் மூன்றாம் மாதம் கிணற்றில் விழுந்தான், நான் பார்த்தேன். வயிறெரிந்து திட்டுகிறவர் யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டினாலும் அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போகும். கை விளங்காமல் போக என்றாள். இவரின் கை அதற்கு ஆறு வருடம் முந்தியே போய்விட்டது, ஆகவே அது அந்தக் கை இல்லை. அப்படியென்றால் எந்தக் கை? விரலைப் பார்க்கிறேன். சுட்ட இடம் சிவந்துபோய்ப் பொங்கி நிற்கிறது.

பத்து மணி. இடைவேளை, பதினைந்து நிமிடம். கோப்பியை எடுத்துக்கொண்டு படிக்கட்டடிக்கு வந்தேன், அங்கேதான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். வதனியின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. காதில் வைத்துக் கேட்டேன். அக்கா, இண்டைக்கும் திருப்பிப் போட்டாங்கள். வெள்ளிக்கிழமை வா எண்டிச்சினம். வெள்ளிக்கிழமையும் இல்லை எண்டால் என்ன செய்யிறது எண்டு கேட்டன், அந்தத் தாதிப் பிள்ளை பாவம், அழுதிட்டுது, நான்தான் அதுக்கு ஆறுதல் சொன்னது. முகம் ஊதிப் பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு, கலியாணத்துக்கு முதல் இப்பிடி இருந்திருந்தால் நல்ல மாப்பிள்ளை வந்திருப்பான். படுத்தால் மூச்சு எடுக்குதில்லை, இருந்துகொண்டே நித்திரை கொள்ளுறன். சோமாவதி என்னைவிட மோசம். அவளுக்கு அனுப்ப ஒருத்தரும் இல்லை, நீ அனுப்பின ஊசியில ஒண்டை நான் அவளுக்குக் குடுத்திட்டன், ஏசாதை. சரி, நீ வேலையில நிப்பாய், வைக்கிறன். இடையில் இரண்டு இடத்தில் பேச்சை நிறுத்தி மூச்சு எடுத்தாள். அந்த இரண்டு இடத்தையும் நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். முதல் இடைவெளி நாலு செக்கன், இரண்டாவது ஆறு. ஊசியைக் கொடுத்துவிட்டாளாம். ஒரு ஊசி என் ஒரு நாள் சம்பளம். எனக்கு ஆத்திரம் வந்தது, இவளுக்கு வருத்தம் வந்தும் புத்தி வரவில்லை, யாரோ ஒருத்திக்கு, என்று நினைத்தேன், பிறகு அந்த யாரோ ஒருத்தி தன் சம்பலைப் பாதி பிரித்து என் தங்கச்சிக்குக் கொடுக்கிறதை நினைத்தேன், பிறகு கோப்பி ஆறிப்போய்விட்டது.

இடைவேளைக்குப் பிறகு இருபத்துமூன்றாம் அறைப் பை. அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை போய்விட்டா. போனவர்களின் உடுப்பு ஏழைகளுக்குப் போகும், அதற்கு முந்திச் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கிற பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும், அது என் வேலை, நானே தைத்தது, நானே பிரிப்பது. ஒவ்வொரு தையலாக ஊசிமுனையால் தூக்குகிறேன். விற்கத்தான் வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வேறு எந்தத் தமக்கையும் யோசிக்கமாட்டாள். ஆனால் மூன்று விரலை அறுத்துக் கொடுத்தவருக்கு ஒரு விரல்தான் திரும்பி வருகிறது, மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? மகளின் கலியாணத்துக்கு அந்தக் காசு இருக்குத்தானே என்று போன மாதமும் கேட்டார். இருக்கு என்றேன். எங்க போறது என்று சொல்லிச் சிரித்தேன்கூட. விற்காமல் வைத்திருந்தால் நான் சொன்னது பொய்யில்லை, அது இருக்கிறது, கடுதாசியில் நாற்பதாயிரமாகவே இருக்கிறது. விற்ற நிமிடத்தில் நான் பொய்காரி. ஒரு மாதம் பொறுத்தால்? அடுத்த மாதம் அரசாங்கம் கடனுக்காக ஏதோ பெரிய இடத்தோடு பேசப்போகிறதாம், பேச்சு சரிவந்தால் முப்பத்துநாலு ஐம்பதாகலாமாம், ஐம்பதென்றால் வதனிக்கு ஒன்றரை வருடம், இல்லாவிட்டால் ஒரு வருடத்தை வதனிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கலியாணத்துக்கு. சரிவராவிட்டால் இருபது. ஒரு மாதத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை? நாலு. ஒரு வெள்ளிக்கிழமை என்பது எத்தனை நூற்று வீதம்? என் தலைக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறதே, இதைக் கேட்டால் அம்மா காறித் துப்பியிருப்பா. நான் மட்டுமா இப்படி? இந்த நேரத்தில் எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்துப்பட்டி கட்டினவர்களும் இதையேதான் எண்ணிக்கொண்டிருப்பார்கள், பொறுப்பதா விற்பதா என்று, ஒரே ஒரு வித்தியாசம், அவர்களுக்கு அங்கே மெசினில் ஒருவரும் இல்லை. பெயர்ப் பட்டி கழன்று கையில் வந்துவிட்டது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூல். அந்த மேற்சட்டை இப்போது யாருடையதும் இல்லை. மணி பத்து ஐம்பத்தெட்டு, மறுபடி படிக்கட்டடிக்கு ஓடினேன், ஹூபர் கண்டாலும் காணட்டும்.

சரியாகப் பதினொன்றுக்கு அடித்தது.

“என்ன அக்கா, ஓமோ இல்லையோ?” என்றான் நேசராசா.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். தராத கடனை ஏன் ஆக்கள் வாங்குகினம்?”

அவன் சிரித்தான். “இவ்வளவு நாளும் கேக்காமல் இப்ப கேக்கிறியள். அது உங்களுக்குத்தான் தராத கடன் அக்கா. இவங்கள் வேற ஆக்கள். உங்களை மாதிரி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யமாட்டாங்கள். வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போவாங்கள். முப்பத்துநாலுக்கு வாங்கினதை நூறாக்கி, வட்டியும் போட்டுத்தான் விடுவாங்கள். பத்து வருஷம் எண்டாலும் நிண்டு பிடிப்பாங்கள்.”

“அந்த நூறு எங்கயிருந்து வரும்?”

“எங்கயிருந்து வரும்? அங்கயிருந்துதான். விலையைக் கூட்டுவினம், வரி போடுவினம், ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் எண்டு எதிலையாவது கிள்ளுவினம். ஆரோ கட்டத்தானே வேணும். அக்கா, அது உங்கடை தலையிடி இல்லை. உங்கடை பேர் அதில இராது. இண்டைக்கே வெட்டிவிட்டால் வெட்டினதுதான். மணி பதினொண்டு தாண்டி மூண்டு நிமிசம். மற்றப் பக்கம் ஆள் காத்துக்கொண்டு நிக்குது.”

என் பேர் அதில் இராது. மேலே உணவுக்கூடத்தில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. பேர் இராவிட்டால் யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது, திட்டுகிறவர்களும் கண்டுபிடிக்க முடியாது, இனிமேல் அந்தக் கடன் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு தானாகவே நடந்து போகும், நான் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் வாங்கினேன், தெரிந்துகொண்டு விற்கிறேன். வதனி நாலு செக்கன் மூச்சு எடுத்தாள், பிறகு ஆறு.

“குடுங்கோ” என்றேன்.

“நல்ல முடிவு அக்கா” என்றான், எல்லா முடிவுக்கும் சொல்கிற குரலில்.

உடனே வதனிக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம் இரண்டரை தாண்டியிருக்கும். மூன்றாம் மணியில் எடுத்தாள், பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல்.

“வதனி, கேளடி. வெளிக்கிடு. சென்னைக்கு. திருவண்ணாமலைக்குப் போக எடுத்த பாஸ்போட் இருக்குத்தானே? விசாவுக்கு நான் ஆளைப் பிடிக்கிறன். ஒரு வருஷம் அங்க நிக்கக் காசிருக்கு.”

“எங்கால காசு?”

“சீட்டு விழுந்தது.”

“பொய் சொல்லுறாய்.”

“உன்னாணை, இண்டைக்குத்தான் விழுந்தது.”

“அப்ப நான் சாகேல்லையோ?” என்றாள். “நல்லாயிருக்கு கதை. பச்சைச் சீலையைச் சோமாவதிக்கு எண்டு சொல்லி வச்சிட்டனே, இனி எந்த முகத்தோட திருப்பிக் கேக்கிறது?” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை, இருமினாள், தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் தண்ணீரைக்கூட எண்ணித்தான் குடிக்கவேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். நான் பேசிக்கொண்டே போனேன், எந்த விமானம், யார் கூட்டிக்கொண்டு வருவது, என்னென்ன கடுதாசி எடுக்கவேண்டும், வாய் தன்பாட்டில் ஓடியது, நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியதுபோலவும் இருந்தது, அது போன இடத்தில் வேறு ஏதோ வந்து இருந்ததுபோலவும் இருந்தது.

“அக்கா” என்று இடைமறித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஒரு ஆளுக்கு ஒரு வருஷம் எண்டனி. ரெண்டு பேருக்கெண்டால் ஆறு மாசம்தானே?”

சுட்ட விரலை வாயில் வைத்தேன்.

“ஆறு மாசம் காணுமக்கா. அதுக்குள்ள இங்க மருந்து வந்திடுமாம். கப்பல் வருகுதெண்டு எல்லாரும் கதைக்கினம். சோமாவதிக்குப் பாஸ்போட் எடுக்க அவளின்ரை ஊர்ப் பிக்குவிட்டைக் கேட்டுப் பாப்பம். ஆறே ஆறு மாசம். பிறகு ரெண்டு பேரும் திரும்பி வந்திடுவம்.” வாயைத் திருப்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். மறுபக்கம் பலவீனமான ஒரு குரல் ஏதோ கேட்டது. “அக்கா என்ன சொல்லுறா எண்டு கேக்கிறாள். என்ன சொல்லட்டும்?”

“இழுக்குதடி” என்றேன். “லைன் சரியில்லை. ஒண்டும் கேக்குதில்லை. நான் பிறகு எடுக்கிறன்.”

“எனக்கு வடிவாக் கேக்குதே” என்றாள் வதனி.

எனக்கும் வடிவாகத்தான் கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் சோமாவதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்ததுகூட.